வீட்டை விட்டு வெளியே வர நினைக்கும் பெண்ணுக்கு: கொங்கு மாவட்டங்களில் எங்கே போவது, யாரைப் பார்ப்பது

"அடிக்கிறாருங்க. ஆனா கேஸெல்லாம் வேண்டாங்க. கொஞ்ச நாளைக்கு இருக்க ஒரு எடம் கெடைச்சாப் போதும்."

ஈரோட்டிலும் திருப்பூரிலும் பெண்கள் வாயிலிருந்து இந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். பலரும் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். தங்க இடம் வேண்டுமென்றால் முதலில் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுத்தால் புருஷனைப் பிடித்து உள்ளே வைப்பார்கள், அப்புறம் சேர்ந்து வாழவே முடியாது என்று அவர்களாகவே முடிவுகட்டிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வெளியே வந்து பத்திரமாகத் தங்குவது ஒரு முடிவு. வழக்குப் போடுவது வேறொரு முடிவு. முதலாவதை இன்றைக்கு எடுத்துவிட்டு இரண்டாவதை ஆறு மாதம் கழித்து எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம்.

இது என் சொந்தக் கருத்து அல்ல. குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அறிக்கை எதுவும் பதிவாகவில்லை என்ற காரணத்துக்காக, அந்தச் சட்டத்தின்கீழ் வரும் காப்பகம் எதுவும் இடம் கேட்டு வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவர் அங்கே இருப்பதைக் கணவர் தரப்புக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் சொல்லவும் கூடாது. வாசலில் யாராவது "எஃப்.ஐ.ஆர். இருக்கா?" என்று கேட்டால், அது தேவையில்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

யாருக்கெல்லாம் இது

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 என்பது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனைவிக்கு மட்டுமானதல்ல. ஒரே வீட்டில் வாழ்ந்த தாய், மகள், அக்கா, தங்கை, கணவனை இழந்த மருமகள், தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தவர் எல்லோரும் இதில் வருவார்கள். குடித்துவிட்டு மகன் அடிக்கிற ஆத்தாவுக்கும் இதே வழிதான்.

அடி உதை மட்டும்தான் வன்முறை என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமைச் சம்பளக் கவரை வாங்கி வைத்துக்கொள்வது, கேட்காமல் நகையை அடகு வைப்பது, படுக்கையில் கட்டாயப்படுத்துவது, "உங்கப்பன் என்னத்தைப் போட்டான்" என்று நாள் முழுக்கக் குத்திக் காட்டுவது, ராத்திரியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது எல்லாமே சட்டப்படி வன்முறை. மாமியார் மீதும் நங்கையா (நாத்தனார்) மீதும் கூட மனுப் போடலாம். ஆண்கள் மீது மட்டுமே போடலாம் என்றிருந்த தடையை 2016இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

மனப்பாடமாக வேண்டிய எண்கள்

181 பெண்களுக்கான உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். இந்த நிமிஷமே உயிருக்கு ஆபத்து என்றால் 112 அல்லது 100. ஆம்புலன்ஸுக்கு 108. இலவச சட்ட உதவிக்கு 15100. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. சாகத் தோன்றுகிறது என்றால், மருந்து டப்பா பக்கம் போவதற்கு முன்னால் 14416க்குக் கூப்பிடுங்கள். யாரிடம் பேசுகிறோம் என்ற கூச்சமே வேண்டாம்.

கூப்பிட்ட பிறகு அழைப்புப் பதிவில் இருந்து எண்ணை அழித்துவிடுங்கள். கணவர் போனைப் பார்ப்பவர் என்றால் கம்பெனியில் கூட வேலை செய்யும் அக்காவின் போனிலிருந்து கூப்பிடுவது நல்லது.

கிளம்புவதற்கு முன்னால்

இப்போதே உயிருக்குப் பயம் என்றால் இந்தப் பகுதியைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். கட்டிய துணியோடு, குழந்தையோடு வெளியே வாருங்கள். கழுத்தை நெரித்திருந்தாலோ, அரிவாளையோ மண்ணெண்ணெயையோ காட்டி மிரட்டியிருந்தாலோ அடுத்த முறைக்குக் காத்திருக்கக் கூடாது. நாலு நாள் அவகாசம் இருப்பவர்களுக்கு மட்டும்தான் மற்ற ஏற்பாடுகள்.

தோட்டத்துச் சாளையில் இருப்பவர்களுக்குப் பெரிய தடை தூரம். தார் ரோட்டுக்கு வரவே ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும், கூப்பிட்டால் கேட்க அக்கம்பக்கத்தில் வீடு இருக்காது. எனவே பகலில், ஊர் கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிகிற காரணத்தோடு கிளம்புங்கள்: ரேஷன் கடை, சந்தை, பிள்ளைக்குத் தடுப்பூசி. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் பத்து ரூபாய் இல்லாவிட்டாலும் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் மாறி மாறிப் போய்விடலாம்.

எடுத்து வைக்க வேண்டியவை: உங்களுடையதும் பிள்ளைகளுடையதுமான ஆதார், ரேஷன் ஸ்மார்ட் கார்டு, பிறப்புச் சான்று, வங்கிப் பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை, கல்யாணப் பத்திரிகை ஒன்று, பழைய மருத்துவச் சீட்டுகள். அசல் கிடைக்காவிட்டால் போட்டோ எடுத்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனில் அழித்துவிடுங்கள். நகை மாமியார் பீரோவில் இருந்தால் அதற்காகப் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம். கல்யாண ஆல்பத்தில் நகையோடு நிற்கும் படங்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த வீட்டில் போட்ட பவுனையும் சீரையும் திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அன்றைக்கு அந்தப் படங்கள் பேசும்.

போனில் ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. ஆதாரிலும் வங்கியிலும் பதிந்திருக்கும் எண் யாருடையது என்று பாருங்கள். நம் பக்கம் பெரும்பாலும் வீட்டுக்காரர் எண்ணைத்தான் கொடுத்திருப்பார்கள். நீங்கள் வெளியூரில் ஏ.டி.எம்.மில் பணம் எடுத்ததும் அவர் போனுக்குக் குறுஞ்செய்தி போகும், எந்த ஊர் என்றும் தெரிந்துவிடும். இ-சேவை மையத்தில் எதற்கு விண்ணப்பித்தாலும் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். வெளியே வந்த முதல் வாரத்திலேயே உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கி, வங்கியிலும் ஆதார் மையத்திலும் எண்ணை மாற்றுங்கள். மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்கின் ஏ.டி.எம். கார்டு அவர் கையில் இருந்தால் வங்கியில் சொல்லி முடக்கிவிட்டுப் புதுக் கார்டு கேளுங்கள். கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வையும், வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதல் ராத்திரி எங்கே

பொறந்தவன் வீடு, சித்தி வீடு என்றுதான் மனசு போகும். போகலாம். ஆனால் நம் பக்கம் சொந்தத்துக்குள் சொந்தம். மாமன் மகனைக் கட்டியிருந்தால் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே சொந்தபந்தம்தான். காலையில் நீங்கள் போய் இறங்கினால் சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் காரில் வந்துவிடுவார்கள், "வா கண்ணு, பேசிக்கலாம்" என்று. அந்த நெருக்கடியில் யோசிக்க முடியாது.

இதற்காகத்தான் சகி என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மத்திய அரசு 2015இல் தொடங்கிய திட்டம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம், நீலகிரி, தருமபுரி என்று மாவட்டந்தோறும் உண்டு. 181இல் கூப்பிட்டால் பக்கத்து மையத்தோடு இணைப்பார்கள். அங்கே ஐந்து நாள் வரை தங்கலாம். சாப்பாடு, மருத்துவ உதவி, ஆலோசகர், வக்கீல் யோசனை, போலீஸ் உதவி எல்லாம் ஒரே இடத்தில், காசு இல்லாமல். பெண் குழந்தைகளைக் கூட்டிப் போகலாம். பையன்களுக்கு வயது வரம்பு உண்டு. எனவே பையனின் வயதைப் போனிலேயே சொல்லிக் கேட்டுவிடுங்கள். வளர்ந்த பையன் என்பதால் வாசல் வரை போய்த் தாய் திரும்பிவிடக் கூடாது. அவனுக்குத் தனி ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

உங்கள் மாவட்டத்து மையத்துக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோபிச்செட்டிபாளையத்துப் பெண் கோவையில் தங்கலாம். தெரிந்த முகம் எதிரில் வருமோ என்ற பயம் இருந்தால் நான் சொல்வது அடுத்த மாவட்டம்தான்.

ஐந்து நாளுக்கு மேல் தேவைப்பட்டால் அங்கிருந்தே நீண்ட நாள் தங்கும் இல்லத்துக்கு அனுப்புவார்கள். முன்பு சுவாதார் இல்லம் என்று இருந்தது இப்போது சக்தி சதன் என்ற பெயரில் நடக்கிறது. மாநில அரசின் சேவை இல்லங்களும் உண்டு. விட்ட படிப்பைத் தொடர விரும்பும் பெண்களுக்கு அவை நல்ல இடம். எதில் இடம் இருக்கிறது என்பதை மையத்திலும் பாதுகாப்பு அலுவலரிடமும் கேட்டால் தெரியும்.

உள்ளே எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வசதியான இடம் என்று நினைத்துப் போக வேண்டாம். ஒரே அறையில் நாலைந்து பேர் படுக்க வேண்டியிருக்கும். போனை எப்போது பயன்படுத்தலாம், யார் பார்க்க வரலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு இருக்கும். முதல் இரண்டு நாள் சிறைபோலத் தோன்றி, "இதுக்கு வீடே பரவால்ல" என்று கிளம்பியவர்கள் உண்டு. அந்தக் கட்டுப்பாடுகளில் பாதி, உங்கள் இருப்பிடம் வெளியே தெரியாமல் இருக்கத்தான். ஆனால் உங்களைப் பிடித்து வைக்க யாருக்கும் உரிமை இல்லை. நீங்கள் வயதுவந்தவர், எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம்.

இதற்குள் கணவர் வீட்டார் "மனைவியைக் காணவில்லை" என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அநேகமாக எல்லோருக்கும் நடப்பது. பயப்பட வேண்டாம். "என் விருப்பத்தில்தான் வந்தேன், பத்திரமாக இருக்கிறேன், கணவரிடம் முகவரி சொல்ல வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்ட கடிதத்தை மையத்தின் மூலமாக அந்த ஸ்டேஷனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். விசாரணைக்கு நேரில் வரச் சொன்னால் மையத்தின் ஆள் ஒருவர் துணையோடு போங்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வழக்குக்குப் போனாலும் போகாவிட்டாலும், இந்த ஒரு சீட்டு எல்லாவற்றையும் தாங்கும்.

அடிபட்டிருந்தால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்: கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறை, சேலம் மோகன் குமாரமங்கலம், திருப்பூர், இல்லையென்றால் உங்கள் தாலுகா ஜி.எச். அங்கே அவசரப் பிரிவில் டாக்டர் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். யார், எதனால், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்பார். கூட நிற்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டு "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால், தானாக விழுந்ததாகவே பதிவாகும். ஒரு வருஷம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தச் சீட்டைத்தான். அதனால் கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லும்படி நர்ஸிடம் மெதுவாகச் சொல்லுங்கள். "வீட்டுக்காரர், வீட்டில் வைத்து, நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு, மரக்கட்டையால்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பழைய தழும்புகளையும் காட்டுங்கள். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். குரல் மாறியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா என்று பார்த்துக் குறிப்பார்கள்.

வெளியே வரும்போது ஓ.பி. சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏ.ஆர். எழுதினால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். போலீஸ் வந்து கேட்டால், "இப்போது வழக்கு வேண்டாம், யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லலாம். அதனால் அந்தப் பதிவு அழிந்துவிடாது.

போலீஸ், பாதுகாப்பு அலுவலர், நீதிமன்றம்

வழக்கு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மகளிர் ஸ்டேஷன். கணவர், அவர் வீட்டார் கொடுமைக்கு இப்போதைய சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 85. மூன்று ஆண்டு வரை சிறை. முன்பு 498ஏ என்று சொன்னது. அங்கே மனு கொடுத்தால், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள். பெரும்பாலும் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பி வைப்பதும் உண்டு. அப்படி எழுதினால் அதில் ஒரு நகல் கேளுங்கள். சமாதானத்துக்குச் சம்மதிக்க வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

பலருக்கும் தெரியாத இன்னொரு வழி, பாதுகாப்பு அலுவலர். மாவட்ட சமூக நல அலுவலகத்தோடு சேர்ந்தவர். ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் சமூக நல அலுவலகம் எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளில் கூட்டத்தோடு கூட்டமாகப் போனால் யார் கண்ணிலும் படாது. இவரிடம் போவது கணவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்கு அல்ல. அவர் உங்களிடம் கேட்டு, டி.ஐ.ஆர். என்ற குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையை எழுதி நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். அதன் நகல் உங்களுக்கு இலவசம்.

டி.ஐ.ஆர். எழுதும்போது தேதி வேண்டும். "எப்பப் பாத்தாலும் அடிப்பாருங்க" என்பது அறிக்கையில் நிற்காது. தேதி நினைவில்லாவிட்டால் ஊர் நிகழ்ச்சியை வைத்துச் சொல்லுங்கள்: மாரியம்மன் பொங்கலுக்கு மறுநாள், பெரிய பாப்பா ஒண்ணாவது சேர்ந்த வாரம், தீபாவளி போனஸ் வாங்கிய ராத்திரி. முதல் சம்பவம், மிக மோசமான சம்பவம், கடைசிச் சம்பவம், இந்த மூன்றும் தெளிவாக இருந்தாலே அறிக்கை நிமிர்ந்து நிற்கும்.

நீதிமன்றத்தில் என்னென்ன கேட்கலாம்? கணவர் கிட்டே வரக் கூடாது, போனில் தொந்தரவு செய்யக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு. வாழ்ந்த வீட்டிலேயே இருக்கும் உரிமை, அல்லது வேறு வீட்டுக்கு வாடகை. மாதாமாதம் செலவுத் தொகை. பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை. நகை, சீர் திரும்பப் பெறுதல். நஷ்ட ஈடு. "வீடு மாமனார் பேர்ல இருக்குது, உனக்கு அதுல என்ன?" என்று மிரட்டுவார்கள். வாழ்ந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடாக இருக்க முடியும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது சொத்தில் பங்கு தருவதல்ல. சட்டத்தின் வழியில் அல்லாமல் வெளியே தள்ள முடியாது என்பதுதான் அதன் பொருள்.

அவசரம் என்றால் எதிர்த் தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு கேட்கலாம், குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 23. முதல் விசாரணை மூன்று நாளுக்குள், வழக்கு 60 நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுத்தடிக்கும், அதை எதிர்பார்த்தே போங்கள். அதனால்தான் இடைக்கால உத்தரவை முதல் நாளே கேட்கச் சொல்கிறேன். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவின் நகலைப் பையில் வைத்துக்கொண்டே நடமாடுங்கள்.

வக்கீலுக்குக் காசு இல்லையே என்று தயங்காதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப்படி பெண் என்றாலே இலவச வக்கீல் உண்டு, வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். தாலுகா நீதிமன்றங்களிலும் குழு உண்டு.

தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர் என்றால், "கல்யாணம் நடந்த ஊருக்குப் போய்ப் பாரு" என்று யாராவது சொல்லக்கூடும். அது தவறு. இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும், வேலை பார்க்கும் ஊரிலும் மனுப் போடலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 27 என்று எண்ணோடு சொல்லுங்கள்.

ஊர்ப் பஞ்சாயத்து

பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவதில் தவறில்லை. சில வீடுகளில் அதனால் அடி நின்றும் இருக்கிறது. ஆனால் முத்திரைத்தாளில் எழுதி "அத்து விட்டாச்சு" என்பது விவாகரத்து ஆகாது. "இனி நகை, செலவு எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதியிருக்கும் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வாருங்கள். "ஊர்ல யாருக்கும் நடக்காததா?" என்று கேட்பார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நிறையப் பேருக்கு நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது.

அதற்குப் பிறகு

பிள்ளைகளின் பள்ளியை முதலில் கவனியுங்கள். டி.சி. தாமதமாகிறது என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. பாதுகாப்பு உத்தரவு இருந்தால் அதன் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பிள்ளையை யாரோடு அனுப்பலாம் என்று எழுதிக் கொடுங்கள்.

வேலையில் இருப்பவர்கள் கம்பெனியில் பி.எஃப். நாமினியை மாற்றலாமா என்று கேளுங்கள். தையல் தெரிந்தவர்களுக்குச் சமூக நலத் துறையில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் உண்டு. கணவனால் கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் கொடுப்பார். உதவித்தொகை பெறப் பிரிந்து ஐந்தாண்டு ஆகியிருக்க வேண்டும் அல்லது சட்டப்படி பிரிந்ததற்கான சான்று வேண்டும். உடனே கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். சம்பளம் வரத் தொடங்கிய பிறகு, சேலத்தில் அரசின் தோழி விடுதி போல வாடகைக்கு விடும் மகளிர் விடுதிகளையும் பார்க்கலாம்.

மனசு மாறி அதே வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். பலரும் போகிறார்கள், பிள்ளைக்காகவோ, அவர் அழுததற்காகவோ. போனால் உங்கள் டி.ஐ.ஆர்., ஏ.ஆர். எண், சி.எஸ்.ஆர். ரசீது எதையும் கிழிக்காதீர்கள். நகல்களை வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். மறுபடி வெளியே வர வேண்டியிருந்தால், "போன தடவை நீயேதானே போன?" என்று சொல்லி யாரும் கதவைச் சாத்த முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு

லைன் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது. அந்த வீட்டு ஆள் பகையாகிவிடுவாரோ என்று தயங்குகிறீர்கள். வன்முறை நடக்கிறது என்று தெரிந்த யாரும் தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தில் கொடுத்தால் உங்கள் மேல் எந்தப் பொறுப்பும் வராது என்று குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது. 181 அல்லது 112. கூப்பிடும்போது ஊர், வீதி, பக்கத்தில் இருக்கும் தண்ணி டேங்க் அல்லது ரேஷன் கடை, எத்தனையாவது வீடு, குழந்தைகள் இருக்கிறார்களா என்று சொல்லுங்கள். மறுநாள் அந்தப் பெண் தண்ணி பிடிக்க வரும்போது தனியாக இருந்தால் மட்டும் பேசுங்கள். இந்த எண்களைச் சொல்லுங்கள். அவர் ஆதார் நகல், ஒரு செட் துணி, பிள்ளையின் மருந்து என்று எதையாவது உங்கள் வீட்டில் வைக்கக் கேட்டால், வாங்கி வையுங்கள்.